விருந்துக்குப் போன வீட்டில் உணவு ஒவ்வாமை: பள்ளத்தூர் அடுப்படிக்கான குறிப்புகள்

செட்டிநாட்டு வீட்டில் விருந்தாளி உட்காருவது முகப்பில். சோறு வேகுவது கடைசிக் கட்டில். இரண்டுக்கும் நடுவே வளவு என்ற முற்றமும் இரண்டாங்கட்டும் கிடக்கின்றன. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் கல்யாணத்துக்கு வந்து தங்குகிற உறவுக்காரர்களும் உண்டு, பழைய வீடுகளைப் பார்க்க வந்து ஒரு குடும்பத்தோடு தங்குகிற வெளியூர்க்காரர்களும் உண்டு. எள், நிலக்கடலை, இறால், முட்டை, பால், கோதுமை என ஏதாவது ஒன்று ஆகாதவர் அவர்களில் இருந்தால், அந்தச் செய்தி முகப்பிலேயே நின்றுவிடக் கூடாது. அடுப்படி வரை போய்ச் சேர வேண்டும். கீழே உள்ளவை அதற்கான குறிப்புகள்.

1. ஊருக்குக் கிளம்பும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். இலை போட்டபின் சொன்னால் சமைத்தவருக்கும் சங்கடம், உங்களுக்கும் பசி. பொருளின் பெயர், எவ்வளவு பட்டால் என்ன ஆகும், மருந்து எங்கே இருக்கிறது ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். “எனக்கு எள்ளு ஒத்துக்காது ஆச்சி” என்றால், வயிறு கொஞ்சம் மந்தமாகும் போல என்று நினைத்துக்கொள்வார்கள். “ஆச்சி, எனக்கு எள்ளு துளி பட்டாலே தொண்டை அடைச்சு மூச்சு நின்னுரும். ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடணும்” என்று சொல்லுங்கள். பயமுறுத்துகிறோமே என்று கூச வேண்டாம். உண்மை அதுதான்.

2. உங்களோடு பேசுகிற ஆச்சியே சமைக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பல வீடுகளில் சமையலுக்குத் தனியாக ஆள் உண்டு. காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்றும் இருக்கும். வீட்டாரிடம் அனுமதி கேட்டு, அடுப்படிக்கே போய்ச் சமைக்கிறவரிடம் நேரில் சொல்லுங்கள். பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாளில் எழுதி, மசாலா டப்பாக்கள் இருக்கும் அலமாரியில் ஒட்டச் சொல்லுங்கள். மாலையில் வருகிறவர் அதைப் பார்ப்பார்.

3. எள் ஆகாதவர்களுக்கு இந்த வட்டாரச் சமையல்தான் மிகக் கடினம். புளிக்குழம்பு தாளிப்பதும், இட்லிப்பொடி குழைப்பதும், ஊறுகாய் ஊறுவதும் நல்லெண்ணெயில்தான். இட்லிப்பொடியிலேயே எள் வறுத்துப் போடும் வீடுகள் நிறைய. முறுக்கு, தேன்குழல் மாவிலும் எள் சேர்ப்பதுண்டு. செக்கில் ஆட்டிய எண்ணெய் உடம்புக்கு நல்லது என்று அன்போடு ஊற்றுவார்கள். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் செக்கெண்ணெயில் தங்கியிருக்கிறது. எள் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தைச் சேர்ந்த நடாஷா என்ற பதினைந்து வயதுப் பெண் 2016-இல் இறந்ததற்குக் காரணம், ரொட்டி மாவுக்குள் கலந்திருந்த, கண்ணுக்குத் தெரியாத எள். அதன் பிறகே அங்கே உணவுப் பொட்டலச் சட்டத்தைத் திருத்தினார்கள். தங்குகிற நாள் வரைக்கும் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் ஒரு பாக்கெட் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

4. நிலக்கடலை எண்ணெய்க்கும் இதே கணக்கு. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. செக்குக் கடலை எண்ணெயில் இருக்கும். சட்னியில் “கடலை” போட்டது என்றால் எந்தக் கடலை என்று கேளுங்கள். பொட்டுக்கடலை கொண்டைக்கடலை இனத்தைச் சேர்ந்தது, நிலக்கடலை வேறு. பொட்டுக்கடலை தீர்ந்துபோன காலையில் நிலக்கடலையைப் போட்டு அரைப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்.

5. குருமாவும் கோழிக் குழம்பும் கெட்டியாக இருந்தால், முந்திரி ஆகாதவர்கள் அரைத்து ஊற்றியது என்ன என்று கேட்டுவிடுங்கள். தேங்காய், கசகசா, முந்திரி மூன்றும் சேர்வது இங்கே சகஜம். முந்திரி அரைபட்டுவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு வாசனையில் எல்லாம் அமுங்கிப்போகும்.

6. இறால் ஆகாதவருக்குப் பெரும்பாலும் நண்டும் ஆகாது. மீன் வேறு வகை. மருத்துவர் தடுக்கவில்லை என்றால் சாப்பிடலாம். ஆனால் மீன் வறுத்த சட்டியிலேயே இறாலும் வறுபட்டிருக்கும். கூனி இறால் பொடி தூவிய தொக்கையும் விசாரியுங்கள். சிலருக்கு இறால் கொதிக்கிற ஆவியே இளைப்பைக் கொண்டுவரும். அவர்கள் அன்றைக்கு முகப்புத் திண்ணையில் இருப்பதே நல்லது.

7. கோதுமை ஆகாதவர்களுக்கு நல்ல செய்தி: இந்த ஊர்ப் பலகாரத்தில் பெரும்பகுதி அரிசியும் உளுந்தும்தான். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, உளுந்து வடை எல்லாம் கோதுமை இல்லாதவை. விலக்க வேண்டியது ரங்கூன் புட்டு, அது ரவையில் செய்வது. இன்னொன்று யாரும் நினைத்துப் பார்க்காத பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரசம், சாம்பார், மோர் எல்லாவற்றிலும் அது விழும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

8. பால் ஆகாதவர்கள் நெய்யையும் தவிர்க்க வேண்டும். எவ்வளவு உருக்கினாலும் பால் புரதம் துளி மிஞ்சும். பால் பணியாரம் சில வீடுகளில் தேங்காய்ப்பாலில், சில வீடுகளில் பசும்பாலில். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டார்கள்; அது செரிமானக் கோளாறு, உயிரை எடுக்காது.

9. கொதித்தால் விஷம் போய்விடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பெரும்பாலான ஒவ்வாமைப் புரதங்கள் கொதிக்கிற எண்ணெயிலும் தாங்கும். நிலக்கடலை வறுபட்டால் இன்னும் வீரியமாகும். ஆகவே சமைக்கிறவர்களே, விருந்தாளிக்கு உரியதை முதலில், புது எண்ணெயில் பொரியுங்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் நுண்துளை உள்ள கல். எள்ளோ கடலையோ அரைத்ததைக் கழுவி எடுத்துவிட முடியாது. அவருக்கு மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவிய மிக்சி ஜாரில் அரைப்பது மேல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை அகற்றாது.

10. வாழை இலை உங்களுக்குத் துணை. புதிதாக அறுத்துக் கழுவிய இலையில் பழைய மிச்சம் எதுவும் இல்லை. ஆபத்து கரண்டியில் இருக்கிறது. ஒரு வாளிக் கரண்டி அடுத்த வாளிக்குள் போய் வரும். முதல் பந்தியில், முதல் ஆளாக உட்காருங்கள். இரண்டாம் பந்திக்குள் எல்லாம் கலந்துவிடும்.

11. கல்யாண வீட்டிலும் சாந்தி (அறுபதாம் கல்யாண) வீட்டிலும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் மாஸ்டரால் உங்கள் ஒருவருக்காக எண்ணெய் மாற்ற முடியாது. அங்கே வெள்ளைச் சோறு, வாழைப்பழம், இளநீரோடு நிறுத்திக்கொண்டு, தங்கியிருக்கும் வீட்டில் வயிறாரச் சாப்பிடுங்கள். மார்கழியில் பிள்ளையார் நோன்பு வீட்டுக்குப் போனால், இழை மாவில் வெல்லத்தோடு நெய்யும் இருக்கும். பால் ஆகாதவர் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

12. குழந்தைக்கு ஒவ்வாமை என்றால், வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியாக வேண்டும். ஆயாவும் அப்பத்தாவும் மடியில் முடிந்துவைத்திருக்கும் கடலை மிட்டாயைப் பாசத்தில் கொடுத்துவிடுவார்கள். குழந்தைக்கான தின்பண்டத்தை ஒரு டப்பாவில் போட்டு அப்பத்தாவிடமே கொடுத்து, “இதிலருந்து மட்டும் குடுங்க அப்பத்தா” என்று சொல்லுங்கள். கொடுக்கிற சந்தோஷம் அவருக்கு, பயமின்மை உங்களுக்கு.

13. பாக்கெட் உணவில் லேபிளை முழுதும் படியுங்கள். 2020-ஆம் ஆண்டின் நம் நாட்டு விதிகளில், தனியாக எச்சரிக்க வேண்டிய பொருள்களில் கோதுமை, இறால் இனம், பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைப் பருப்புகள், சோயா எல்லாம் வந்தன. எள்ளும் கடுகும் வரவில்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் கட்டாயம். எனவே எச்சரிக்கை வரியோடு நிறுத்தாமல், சேர்மானப் பட்டியலையும் பாருங்கள்.

14. மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி உங்கள் கையருகில் இருக்கட்டும். பூட்டிய பெட்டியில் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் வேண்டவே வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியும் அதற்கு ஆகாது. வீட்டில் ஒருவருக்காவது போடும் முறையைக் காட்டிக்கொடுங்கள். உதடு வீக்கம், குரல் மாற்றம், இளைப்பு, விடாத வாந்தி, மயக்கம் என்று வந்தால் தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் தணிக்கும், மூச்சைக் காப்பாற்றாது. நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்; மூச்சுத் திணறினால் உட்காரலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். வெற்றிலைச் சாறு, மிளகுக் கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். ஊசி போட்டு நன்றாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரத்தில் அதே அறிகுறிகள் திரும்ப வருவதுண்டு.

15. 108-ஐ அழைக்கும்போது தெருப்பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். இங்குள்ள பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பு எந்தத் தெரு, பின்கட்டு எந்தத் தெரு என்று வந்த அன்றே எழுதிவையுங்கள். ஒருவர் வாசலில் நின்று வண்டியை மறிக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இடம் காரைக்குடி. இரவில் பெரிய கதவின் சாவி யாரிடம் என்பதையும் கேட்டுவையுங்கள்.

16. விருந்து வைக்கிற ஆச்சிமார்களுக்கு: அவர் வேண்டாம் என்றால் இரண்டாம் முறை வற்புறுத்தாதீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது கட்டிக்கொடுக்கும் பலகாரத் தூக்கில், என்ன மாவு, என்ன எண்ணெய் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிக்கொடுங்கள். அவர் வீட்டிலும் அதைத் திறக்கப்போகிற பிள்ளைகள் இருப்பார்கள்.