மெழுகுப்பூச்சியும் வெறுங்கூடும்

தேன் என்றவுடன் தமிழ் பயில்வோர் உள்ளம் குறிஞ்சி நிலத்திற்கே செல்லும். எங்கள் பாகூரோ முழுதும் மருதம். ஏரியும் நெல்வயலும் கரும்பும் தென்னந்தோப்பும் உடையது. இத்தகைய ஊரிலும் தேனீ வளர்க்கலாம் எனக் கேள்வியுற்று, 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் பெட்டியொன்றைத் தேனீக்களோடு வாங்கி எங்கள் தோப்பில் வைத்தேன். அவ்வாண்டு மார்கழியில் அப்பெட்டி வெறுமையாயிற்று. அஃது ஏன் நேர்ந்தது என்பதை யான் விளங்கிக்கொள்ளச் சில மாதங்கள் சென்றன. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

யான் வாங்கியது நியூட்டன் பெட்டி. மேனாட்டுத் தேனீக்கென அமைந்த பெட்டி நம் நாட்டு அடுக்குத் தேனீக்குப் பெரிதாகும். ஆதலின், 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் கிராமத்தார்க்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்த நியூட்டன் என்னும் குருவானவர் நம் தேனீயின் அளவறிந்து சிறு பெட்டி ஒன்றை அமைத்தார். அவர் பெயரே அதற்கு வழங்குகின்றது.

வேம்பும் புங்கும் பூத்த கோடையில் நல்ல தேன் கிடைத்தது. ஆவணியில் மறுமுறை எடுத்தேன்; சட்டங்களில் மிச்சம் ஒன்றும் வைத்திலேன். பின் ஐப்பசி மழை தொடங்கிற்று. நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர்ப் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. மக்களே இடம் பெயர்ந்து தவித்த அந்நாட்களில் தேனீயை யார் நினைப்பர்? யானும் நினைத்திலேன்.

நீர் வடிந்தபின் மூடியைத் திறந்தேன். அடைகளின்மேல் சிலந்தி வலைபோல் வெண்ணூல் படர்ந்திருந்தது. அதனூடே சாம்பல் நிறப் புழுக்கள் நெளிந்தன. அடிப்பலகையில் கரிய எச்சம் மிளகுத்தூள்போற் குவிந்திருந்தது. ஒரு மூலையில் கைப்பிடியளவு தேனீக்களே இருந்தன. அவையும் மூன்றாம் நாள் பறந்துபோயின.

‘பூச்சி என் கூட்டைக் கெடுத்துவிட்டது’ என்று காண்பார்க்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பனைப்பொந்துகளில் தேன் எடுத்துப் பழகிய முதியவர் ஒருவர் அதனைக் கேட்டு நகைத்து, “தம்பி, பூச்சியால் கூடு கெடவில்லை, கெட்ட கூட்டுக்குத்தான் பூச்சி வந்தது. ஆவணியில் எடுத்த தேனை என்ன செய்தாய்?” என்றார். எனக்கு விடை இல்லை.

பின்னர் நூல்களைப் பார்த்தபோது அவர் சொல் மெய்யென அறிந்தேன். மெழுகுப்பூச்சி அந்துப்பூச்சியினத்தது, பெரிது, சிறிது என இருவகைப்படும். பெரிய வகையின் பெண் அந்திக்குப்பின் கூட்டினுட் புகுந்து, பெட்டியின் இடுக்குகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். நம் ஊர் வெப்பத்தில் அவை சில நாட்களிலேயே பொரியும். வளர்ந்த பூச்சிக்கு உணவே இல்லை, உண்பதெல்லாம் புழுப்பருவத்திலேயே. அப்புழுவும் தூய மெழுகை மட்டும் உண்டு செழிப்பதன்று. தேனீக்குஞ்சுகள் கழித்த தோலும் மகரந்தமும் படிந்து கறுத்த பழைய அடையையே அது விரும்பும்.

வலிய குடியில் காவற் தேனீக்கள் பூச்சியை வாயிலிலேயே தடுக்கும். உட்புகுந்த புழுவையும் இழுத்தெறியும். பசியால் மெலிந்த குடியோ தன் அடைகளை மூடி உட்காரவும் ஆளின்றித் தவிக்கும். காவலற்ற அவ்வடையே பூச்சியின் வீடாகும். அன்றியும், நம் தேனீ பழைய அடையைக் கடித்து உதிர்க்கும் இயல்பினது. அத்துகளைக் கூட்டித் தள்ளாவிடின் புழுவுக்கு அதுவே முதல் விருந்து. 1991-92இல் தாய்லாந்து நோய் எனப்படும் நச்சுயிரி நோய் தென்னாட்டுக் குடிகளிற் பெரும்பாலானவற்றை அழித்தது. அத்தகைய வெறுங்கூட்டில் புழுவை மட்டும் கண்டு செல்பவன் நோயை அறியான். யான் பசியை அறியாதவாறே.

இப்புழுவை முற்றும் வெறுக்கவும் மனம் வரவில்லை. ஸ்பெயின் நாட்டில் பணிபுரிந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் கூட்டிலிருந்து எடுத்த புழுக்களைப் பிளாஸ்டிக் பையிலிட, அவை பையைத் துளைத்துக்கொண்டு வெளிவந்தனவாம். அதிலிருந்து பெரிய ஆராய்ச்சியே பிறந்தது. யான் அவற்றைக் கோழிக்கு இட்டேன்.

கெட்ட அடைகளை வெந்நீரில் உருக்கித் துணியில் வடித்தேன். சிறு உருண்டை மெழுகே தேறியது. நல்ல அடை இரண்டை அத்தை வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் ஓரிரவு வைத்தேன். அக்குளிரில் முட்டையும் சாகும். மீன் வைக்க இடமில்லையென்று அத்தை கடிந்துகொண்டார். கந்தகப் புகை புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்லாது. ஆதலின் சின்னாட் கழித்து மறுமுறையும் இடல்வேண்டும். அந்துருண்டை கூடவே கூடாது. அதன் நஞ்சு மெழுகில் ஊறும்.

2025 மாசியில் அம்முதியவரே பனைப்பொந்திலிருந்து புதிய குடியொன்றை எடுத்துத் தந்தார். பெட்டியின் உட்பலகையில் புழுக்கள் கூட்டுப்புழுவாகுமுன் குடைந்த ஓடம்போன்ற குழிகள் இருந்தன. அவற்றை அம்மெழுகாலேயே அடைத்தேன். தேனீக்கள் மூடி உட்காரும் அளவுக்கு மேல் ஓர் அடையும் விடுவதில்லை, வாயிலையும் குறுக்கியுள்ளேன். எட்டு நாளைக்கொருமுறை அடிப்பலகையைத் துடைப்பது என் தம்பியின் வேலை. ஆவணியில் தேன் எடுத்திலேன். மழை நாட்களில் சர்க்கரைப் பாகும் வைத்தேன். கார்த்திகையில் திறந்தபோது பலகையில் இரண்டு புழுக்களே கிடந்தன, இரண்டும் செத்திருந்தன.