தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறதா?

ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்தால் ஊர்ச் சாலைகளில் முதலில் மூழ்குவது தரைப்பாலம்தான்.

1. ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும். ஓரடி ஓட்டத்தில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். முன்னால் பஸ் போனதே என்று பின்னாலேயே போகவும் வேண்டாம். பஸ்ஸின் எடை வேறு, உங்கள் பைக்கின் எடை வேறு. கலங்கல் நீருக்கு அடியில் பாலமே அரித்துப் போயிருந்தாலும் மேலே தெரியாது. சுற்று வழி பத்து கிலோமீட்டர் கூடினால் கூடட்டும்.

2. தேங்கி நிற்கிற, ஆழம் தெரிந்த நீர் என்றால் சாலை நடுவில், முதல் கியரில், நிறுத்தாமல் செல்லுங்கள். ஓரத்து மண் இளகியிருக்கும்.

3. நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், செலவு பெரிது. தள்ளிக்கொண்டே வந்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. மேடேறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். நனைந்த பிரேக் சட்டென்று பிடிக்காது.

5. மின்கம்பி அறுந்து கிடந்தால் அந்த நீரை மிதிக்காதீர்கள். மின்சாரம் நீரில் பரவியிருக்கும். விலகி நின்று மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) சொல்லுங்கள். சாலை அரிப்பு என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077.