பிழைக்கு இடம் வகுத்தல்

ஓர் எல்லைக்குட்பட்ட அதிர்வெண்களை முழுதும் விடுத்து, மேற்பட்டவற்றை அறவே தடுக்கும் மின்வடிகட்டியையே நாம் விரும்புகிறோம். எண்ணிக்கைக்குட்பட்ட சுருள்களாலும் மின்தேக்கிகளாலும் அஃது இயலாது. ஆகவே, தோராயத்தின் பிழையை எங்கே வைப்பது என்பதே வினா.

1930-இல் பட்டர்வொர்த் என்பார் வகுத்த முறையில், தொடக்கத்தில் மிகச் சிறிதாகிய பிழை எல்லையருகே பெருகும். ருஷ்யக் கணிதர் செபிஷேவோ, நீராவி எந்திரத்தின் இணைப்புக்கோல்களை ஆராயுங்கால், பிழையைச் சமமாகப் பரப்பும் கோவைகளை 1854-இல் கண்டார். அம்முறையைக் காவர் என்னும் ஜெர்மானியர் 1930-களில் மின்வடிகட்டிக்குப் புகுத்தினார்.

உதாரணமாக, இருமுறையிலும் மூன்றாம் படியில் அமைந்து, எல்லையில் பாதித் திறனை விடும் வடிகட்டிகளைக் கொள்வோம். எல்லையின் இருமடங்கில் முன்னது 65-இல் ஒரு பங்கும், பின்னது 677-இல் ஒரு பங்குமே விடும். ஆயினும் பின்னது, எல்லையின் பாதியிலேயே பாதித் திறனை இழந்துவிடும்!

குறை ஒழிவதன்று, இடம் மாறுவதே. அவ்விடத்தை ஆய்ந்து வகுத்தலே அமைப்போன் கடன்.