பலித்துவிட்டால் போதுமா?

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர் என் குடும்பத்தைப் பற்றிச் சொன்னது அப்படியே பலித்தது. இப்போது பெரிய தொகையைக் காணிக்கையாகக் கேட்கிறார். சந்தேகப்படுவது பாவமா?

பதில்: பாவமே இல்லை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார்.

பலித்துவிட்டதே என்கிறீர்கள். உபாகமம் 13-ஐப் படியுங்கள். அடையாளம் பலித்தாலும், வேறு தேவர்களிடம் இழுப்பவனுக்குச் செவிகொடுக்கக் கூடாது. (பணமும் அந்த வரிசையில் சேர்த்திதான்.)

கர்த்தரின் பெயரைச் சொல்வதும் போதாது; எரேமியா 28-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பாபிலோனுக்குப் பணியுங்கள் என்று சொல்லும் எரேமியாவின் கழுத்தில் நுகம். ஆலயத்தில், ஆசாரியரும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, அனனியா என்ற தீர்க்கதரிசி அதைப் பிடுங்கி உடைக்கிறார். இரண்டே வருஷத்தில் விடுதலை என்கிறார். அவரும் கர்த்தரின் பெயரால்தான் பேசினார்! கூட்டத்துக்கு எவர் பேச்சு இனித்திருக்கும்? எரேமியா மல்லுக்கட்டவில்லை; தம் வழியே போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகே திரும்பிவந்து பேசினார். அவர் சொன்னபடியே அந்த வருஷமே அனனியா இறந்தார். எருசலேமும் பின்னர் பாபிலோனிடம் வீழ்ந்தது.

காணிக்கை விஷயத்தில் ஆதித் திருச்சபையின் கையேடான 'திதாக்கே' கறாரானது. ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. ஏழைகளுக்காகக் கேட்டால் குற்றமில்லை.

உங்கள் ஊழியர் யாருக்காகக் கேட்கிறார்? தனக்கென்றால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சபை மூப்பர்களிடமும் சொல்லிவையுங்கள்.