பந்து வீசுவாரும் மட்டை பிடிப்பாரும்

வேந்தன் ஒருவன் ஒரு வினையில் இறங்குமுன் ஆராய வேண்டுவனவற்றைத் திருவள்ளுவனார் பொருட்பாலில் நிரல்பட வைத்துள்ளார். வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என 48 முதல் 52 வரையுள்ள ஐந்து அதிகாரங்களும் தக்காரைத் தக்க இடத்தில் தக்க பொழுதில் அமர்த்துங் கலையையே பேசுகின்றன. அப்பொருட்பாலிலேயே 94ஆம் அதிகாரமாகச் சூது நிற்கின்றது. நம் மாணவர் பலர் மாலைதோறும் கைப்பேசியில் ஆடிவந்த கற்பனைக் கிரிக்கெட்டு அணி விளையாட்டு, இவ்விரண்டு இடங்களுள் எதனைச் சார்ந்தது? இதனை ஆராயவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். வெறுத்து ஒதுக்குவாரும் விரும்பி ஆடுவாரும் ஆகிய இருசாராரும் இதனை முறையாக நோக்கினாரல்லர் என்பது எமது எண்ணம்.

விளையாட்டின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவாம். அன்றைய ஆட்டத்தில் எதிர்த்தாடும் இரண்டு அணிகளின் 22 பேரிலிருந்து 11 பேரைத் தெரிந்து நமக்கென ஓர் அணி அமைத்தல் வேண்டும். ஆளுக்கொரு விலை உண்டு. அவ்விலைகளின் கூட்டுத்தொகை 100க்கு மேற்படலாகாது. களத்தில் அவர்கள் செய்வனவற்றிற்கேற்ப நமக்குப் புள்ளிகள் சேரும். நெடுநாள் வழங்கிய கணக்கின்படி ஓர் ஓட்டத்திற்கு 1 புள்ளி, வீழ்த்திய விக்கெட்டு ஒன்றிற்கு 25, பிடித்த கேட்சு ஒன்றிற்கு 8. நாம் தலைவராகக் குறித்தவர் ஈட்டுவது இரட்டிக்கும். துணைத்தலைவர் ஈட்டுவது ஒன்றரை மடங்காகும். பிற சில்லறைக் கணக்குகளை ஈண்டு விடுக்கின்றோம்.

இனி, பந்து வீசுவாரையும் மட்டை பிடிப்பாரையும் நிறுத்துப் பார்ப்பாம். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பக்கத்தார்க்கு 120 பந்துகள். அவற்றுள் எத்தனையைத் தொடக்க மட்டையாளர் எதிர்கொள்வார் என எவராலும் கூறவியலாது. அவர் செய்யும் முதற் பிழையே அன்றைக்கு இறுதிப் பிழையாகலாம். பந்து வீசுபவர்க்கோ அத்துணைக் கொடுமை இல்லை. முதற் பந்தில் ஆறு ஓட்டங்களைக் கொடுத்தாலும் இரண்டாம் பந்தை வீச அவரே வருவார். தேர்ந்த வீச்சாளர்க்கு நான்கு ஓவர், அதாவது 24 பந்துகள், பெரும்பாலும் உறுதி. மேலும், ஒரு விக்கெட்டு 25 ஓட்டங்களுக்கு நிகராதலின், இரண்டு விக்கெட்டு வீழ்த்தியவர் அரைச்சதம் அடித்தவரோடு ஒருங்கு நிற்கிறார். இறுதி ஓவர்களில் மட்டையாளர் எதனையும் பாராது வீசி அடிப்பாராகலின், அப்பொழுது பந்து வீசுபவர்க்கு ஓட்ட இழப்பும் உண்டு. விக்கெட்டு வரவும் உண்டு. ஆறாவது ஏழாவதாக இறங்கும் மட்டையாளரையோ, அவர் எத்துணைப் புகழ் வாய்ந்தவராயினும், பெயருக்காகத் தெரிந்துகொள்ளல் தகாது. அவர் மட்டையைத் தொடாமலே ஆட்டம் முடிதலும் கூடும்.

இவ்வேறுபாடு கிரிக்கெட்டிற்கே உரியதன்று. அமெரிக்க நாட்டாரின் பேஸ்பால் விளையாட்டிலும் இதுவே வழக்கு. அங்கே தொடக்கத்தில் பந்தெறிபவர் பெரும்பாலும் ஐந்து நாட்களுக்கு ஒருமுறையே களமிறங்குவார். அவர் இன்னார் என்பது முன்னரே அறியப்படும். மட்டை பிடிப்பவரோ ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ நான்கு முறையே முறை பெறுவர். பத்தில் மூன்று முறை வெற்றிகாண்பவர் அந்நாட்டிற் சிறந்த மட்டையாளராக மதிக்கப்படுவர். ஆகலின் அங்கே அணி தெரிவார், பந்தெறிபவர்க்கு மிகுந்த விலை கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கொண்டு மட்டையாளரைத் தேடுவர். அவ்வாறு தேடுங்கால் எதிரே எறிபவர் வலக்கையரா இடக்கையரா என்றும், ஆடுமிடம் யாதென்றும் நோக்குவர். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ ஒரு மைல் உயரத்திலுள்ள டென்வர் நகரத்துக் கூர்ஸ் மைதானத்தில் காற்று மெலிதாதலின் அடித்த பந்து நெடுந்தொலை பறக்கும். அங்கே எறிபவரை நாடுவார் அரியர்.

டென்வருக்குக் காற்று எவ்வாறோ அவ்வாறே நம் சேப்பாக்கத்திற்கு மண். 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது இக்களத்திலேயே; அவ்வாட்டத்தில் வினூ மன்கட் சுழற்பந்தால் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1988இல் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே நரேந்திர ஹிர்வானி 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளைச் சாய்த்ததும் இங்கேதான். ஆகவே ‘சேப்பாக்கம் என்றால் சுழற்பந்து’ என்னும் வாய்பாட்டை நம்மவர் மனப்பாடமாகவே வைத்துள்ளனர். எனினும் 2008இல் வீரேந்திர சேவாக் 319 ஓட்டங்களும், 2016இல் கருண் நாயர் ஆட்டமிழக்காது 303 ஓட்டங்களும் குவித்த களமும் அதுவே. செம்மண்ணால் ஆயவும் கரிசல் மண்ணால் ஆயவும் ஆகிய இருவகைத் தளங்கள் அங்குள்ளன. இடமறிந்தேம் என்பார் எத்தளம் என்றும் வினவுதல் வேண்டும்.

இதற்கு 2024ஆம் ஆண்டு இந்தியன் பிரீமியர் லீக்கின் இறுதி நாட்களைக் காட்டுவாம். மே 24ஆம் நாள் சேப்பாக்கத்தில் ஐதராபாத்தும் இராஜஸ்தானும் எதிர்த்தாடின. மாலையில் பனி பெய்து பந்து நனையும், பிந்தி ஆடுவார்க்கு எளிதாகும் எனக் கருதி இராஜஸ்தான் முதலிற் பந்து வீசிற்று. பனி வந்திலது, பந்து சுழன்றது. தொடக்கப் பதினொருவருள் இடம்பெறாது, இடையில் மாற்றாளராக வந்த சபாஸ் அகமது 3 விக்கெட்டுகளையும், மட்டையாளராகவே மதிக்கப்பட்ட அபிஷேக் சர்மா 2 விக்கெட்டுகளையும் தம் சுழற்பந்தால் வீழ்த்தினர். ஐதராபாத்து 36 ஓட்டங்களால் வென்றது. இதனைக் கண்டவர் இரண்டு நாட் கழித்து, மே 26ஆம் நாள், அதே மைதானத்தில் நிகழ்ந்த இறுதியாட்டத்திற்குச் சுழற்பந்தாளரை நிரப்பி அணி அமைத்தனராயின், அவர் செய்தது அறிவுடைச் செயலே. நிகழ்ந்ததோ வேறு. கொல்கத்தாவின் மிட்செல் ஸ்டார்க் முதல் ஓவரிலேயே அபிஷேக் சர்மாவைப் பந்தால் வீழ்த்தினார். டிராவிஸ் ஹெட் தாம் எதிர்கொண்ட முதற் பந்திலேயே வெளியேறினார். ஐதராபாத்து 113 ஓட்டங்களில் அடங்கிற்று. வீழ்ந்த பத்து விக்கெட்டுகளுள் எட்டு வேகப்பந்தாளர்க்கே சென்றன. அவ்வாண்டு ஏப்ரல் 15இல் பெங்களூரில் ஹெட் 102 ஓட்டங்கள் அடிக்க, 287 ஓட்டங்கள் குவித்த அணி இது என்பதை நினைவு கூர்க.

காலமறிதல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டம் 7.30க்குத் தொடங்குமாயின் 7 மணிக்கு டாஸ் போடுவர். களமிறங்குவார் பெயர்களும் அப்பொழுதே வெளிவரும். அணியை முடிவு செய்ய எஞ்சுவது அரைமணி நேரமே. தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறிய மாணவர் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் கடந்து கூடுவாஞ்சேரியில் இறங்குவதற்குள் இத்துணை ஆராய்ச்சியும் நிகழ்ந்தாக வேண்டும். நின்றுகொண்டே, ஒரு கையால் கம்பியையும் மற்றொரு கையால் கைப்பேசியையும் பற்றியவாறு மண்ணையும் பனியையும் வலக்கை இடக்கைகளையும் ஆராய்ந்து தெளிவார் உளராயின் அவர் நம் வணக்கத்திற்குரியவர். ஏனையோர் பெயரையும் புகழையும் கண்டே தெரிவர்.

இங்ஙனம் முழுதும் ஆராய்ந்து தெரிந்த வழியும் எஞ்சி நிற்பது தற்செயல். 2023 அக்டோபர் 8ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தை நோக்குக. ஆஸ்திரேலியா 199 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. இரவீந்திர ஜடேஜா 28 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இடமறிந்து அவரைத் தெரிந்தார் பயன் பெற்றனர். பின்னர் ஆடவந்த இந்தியா 2 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளை இழந்தது. அம்மூவரும் ஓட்டமெதுவும் எடுத்திலர். அவருள் ஒருவர் ரோகித் சர்மா. அவரைத் தலைவராகக் குறித்தார்க்கு மட்டையால் வந்தது இரட்டித்த பாழ். மூன்று நாட் கழித்து அவரே தில்லியில் 131 ஓட்டங்கள் அடித்தார். விராட் கோலி 12 ஓட்டங்களில் நிற்கையில் உயர அடித்த பந்தை மிட்செல் மார்ஷ் கைநழுவ விட்டார். கோலி 85 வரை சென்றார். கோலியைத் தலைவராகக் குறித்த ஒருவர்க்கு அந்நழுவலால் வந்த மிகை 73 ஓட்டங்கள், இரட்டித்து 146 புள்ளிகள். மார்ஷின் விரல்களை எந்த நூலிற் படித்து அறிவது?

கணக்காலும் இதனைக் காணலாம். 22 பேருள் 11 பேரைத் தெரியும் வழிகள் 7,05,432. அவருள் தலைவரையும் துணைத்தலைவரையும் குறிக்கும் வழிகள் 110. இரண்டையும் பெருக்க 7,75,97,520 அணிகள் வரும். விலை முதலிய கட்டுப்பாடுகளால் இத்தொகை குறையுமேனும் அப்பொழுதும் பெரிதே. இருவர் மட்டும் போட்டியிடுங்கால் நல்லாரைத் தெரிதலே போதும். இலட்சக்கணக்கானோர் கூடும் பெரும் போட்டியிலோ, நல்லார் என்று நாம் தெரிந்தவரையே பெரும்பாலோரும் தெரிந்திருப்பர். அவர் வென்றாலும் நாம் தனித்து உயரமாட்டோம். முதற்பரிசை நாடுபவர் பிறர் தெரியாத ஒருவரை, அஃதாவது ஆராய்ச்சி வேண்டாமென்று கழித்த ஒருவரை, தலைவராகக் குறித்தாக வேண்டும். கூட்டம் பெருகப் பெருகத் தன் அறிவுக்கு மாறாகவே தான் ஆட நேர்கிறது. எம்மொடு வண்டியில் வரும் நண்பர் ஒருவர், கிரிக்கெட்டில் எம்மினும் பன்மடங்கு அறிவுடையவர், ஏதோ ஒரு செயலியில் தேர்வுக் கட்டணத்தை இழந்தார். அறியாமையால் இழந்தாரல்லர். அவர் தெரிந்த பதினொருவரை யாம் இன்றும் குறைகூற மாட்டோம்.

நீதிமன்றங்களும் இவ்வழக்கை நெடுநாள் ஆய்ந்தன. நம் வண்டி நின்று செல்லும் கிண்டியின் குதிரைப் பந்தயத்தைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம், அது பெரிதும் திறமையைச் சார்ந்ததென்றும் சூதாகாதென்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைத் துணைக்கொண்டே 2017இல் பஞ்சாப் அரியானா உயர்நீதிமன்றம் டிரீம் லெவன் விளையாட்டும் திறமை விளையாட்டே என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமை தற்செயல் என்னும் வேறுபாட்டையே கருதாது, பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்களை விலக்கிற்று. இந்திய அணியின் சட்டையிற் பெயர் பொறித்திருந்த அந்நிறுவனமும் அம்மாதமே பணப் போட்டிகளை நிறுத்திற்று. திறமை உண்டென்ற தீர்ப்புக்கள் பிழையென்று யாம் கூறோம். திறமை உண்டு, ஆனால் அது வெளிப்பட எத்தனை நாள் வேண்டும் என்பதே வினா.

இவ்விளையாட்டின் பிறப்பில் அதற்கு விடை உண்டு. 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர் சிலரும் நியூயார்க்கில் பேஸ்பால் கற்பனை அணிகளை அமைத்தபொழுது, பருவம் முழுமைக்குமாகவே அமைத்தனர். அங்கே ஓரணி ஒரு பருவத்தில் ஆடுவது 162 ஆட்டங்கள். ஒருநாள் நழுவிய பந்து மற்றொருநாள் கையில் அகப்படும். தற்செயல்கள் ஒன்றையொன்று தின்று தீர, அறிந்தவர் மேலெழுவர். நாளைக்கொரு போட்டி என்னும் வழக்கம் ஏறத்தாழ முப்பதாண்டுகட்குப் பின்னரே வணிகர் கையிற் பரவிற்று. அன்றே தொடங்கி அன்றே முடிவதால் பணம் விரைந்து சுழன்றது. அறிவு வெளிப்படுவதற்குரிய காலமோ ஒரு மாலையாகச் சுருங்கிற்று.

ஆகவே, வரும் பருவத்தில் யாமும் நண்பர் சிலரும் இதனைத் தாளில் ஆடத் துணிந்துள்ளோம். காசு இல்லை. ஆட்டத்திற்கு ஒருவர் ஓரணியே எழுதலாம். தாம் தெரிந்த பந்துவீச்சாளர் ஒவ்வொருவர்க்கும் எதிரே, அவரைத் தெரிந்த காரணத்தை ஒரு வரியில் எழுதுதல் கட்டாயம். காரணமில்லாப் பெயர்க்குப் புள்ளி இல்லை. எழுபது ஆட்டங்களுக்கும் மேற்பட்ட அப்பருவம் முடிந்த பின்னரே கூட்டுத்தொகை படிக்கப்படும். சேர விரும்புவோர் தம் தாளை டாஸ் போட்ட கால் மணிக்குள், கூடுவாஞ்சேரி வண்டியில் எம்மிடம் கொடுக்கலாம்.