பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுச் சமையல் விற்பனை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 20ஆந் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. சந்தைக்குப் போக வழியற்ற இத்தகைய காலங்களில், விளைந்த நெல்லையும் மரக்கறியையும் சமைத்து வீட்டு வாயிலில் விற்பது கமக்காரக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் தொழிலாகும். ஆனால், வாங்கியுண்ட அயலவர் ஒருவர் நோயுற்றால் அத்தொழில் அன்றோடு நின்றுவிடும்.

கொரோனா வைரசு பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே தொற்றுவது; உணவை உண்பதால் தொற்றியதற்குச் சான்றில்லை. ஆகவே கீரையையும் கத்தரிக்காயையும் சவர்க்காரமிட்டோ வெளிற்றும் தூள் கரைத்தோ கழுவுதல் வேண்டாத செயல், வயிற்றுக்குத் தீங்குமாகும். ஓடும் நன்னீரிற் கழுவினாற் போதும்.

கவனிக்கவேண்டிய அபாயம் சோற்றுப் பொதியிலேயே உள்ளது. அரிசியில் பசில்லசு சீரியசு என்னும் பற்றீரியாவின் வித்திகள் இயல்பாகவே காணப்படும். கொதிநீரிலும் அவை முற்றாக மடிவதில்லை. சோறு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடப்பின் அவை முளைத்துப் பெருகி, வாந்தியுண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. மணமும் நிறமும் மாறாதிருக்கலாம். முகர்ந்து பார்த்து முடிவு செய்தல் பயன்தராது.

காலை 8 மணிக்குக் கட்டிப் பெட்டியில் நெருக்கி அடுக்கிய பொதி, நண்பகலிலும் வெதுவெதுப்பாயிருப்பதை நல்ல அறிகுறியெனச் சிலர் கொள்வர். அதுவே தீய அறிகுறி. 5 முதல் 60 பாகை செல்சியசு வரையான வெப்பத்திலேயே கிருமிகள் விரைந்து பெருகும். எனவே சோற்றை ஆவி பறக்கும்படி அடுப்பில் வைத்து, வாங்குவோர் வந்தபின் பொதி கட்டுக. வட மாகாணத்து அம்மாச்சி உணவகங்களில் வாடிக்கையாளர் முன்னிலையில் சுடச்சுடச் சமைத்துக் கொடுக்கும் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தேங்காய்ச் சம்பலையும் சிறிது சிறிதாகவே அரைத்தல் வேண்டும்.

காசு வாங்கிய கையால் இடியப்பத்தை எடுத்தலாகாது. காலையில் மாட்டிய கையுறையை மாலைவரை கழற்றாதவரிலும், அடிக்கடி சவர்க்காரமிட்டு 20 செக்கன் கை கழுவுபவரே மேலானவர். பூச்சிநாசினி வந்த கலனை எவ்வளவு கழுவினும் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

காய்ச்சல் அல்லது இருமல் உள்ளவர் சமையலில் ஈடுபடலாகாது. வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டவர், அது நின்று 48 மணிநேரம் கழியும்வரை விலகியிருத்தல் வேண்டும். அன்றாட வருமானத்தை நம்பியிருப்போர்க்கு இது எளிதன்று; ஆதலால் வீட்டில் இன்னொருவரை முன்னரே பழக்கி வைத்துக்கொள்க.

கட்டி 2 மணிநேரமாகியும் விலைபோகாத பொதியை விற்காது விடுக. அதனை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் தவறே.