டிஸ்கஸ் வளர்க்கப் புத்தகம் தேவையா?

கேள்வி: டிஸ்கஸ் மீன் வளர்ப்புக்கு வழிகாட்டி நூல் வாங்குவது வீண்செலவா?

பதில்: இல்லை. அமேசான் படுகையின் மென்மையான, வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய மீன் இது. தொட்டியிலும் 28 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய், தந்தை இரண்டின் உடலிலும் சுரக்கும் கோழையைக் கொத்தித் தின்றே வளர்கின்றன. இதை அறியாமல், பெற்றோரைக் கடிக்கின்றன என்று பிரித்துவிட்டால் குஞ்சுகள் பட்டினியால் மடியும். நல்ல நூல் காரணத்தோடு இதைச் சொல்லித்தரும். காணொளிகள் இலவசம்தானே என்பீர்கள். அவற்றுள் பல, ஒருவர் தொட்டியில் நடந்ததை மட்டுமே காட்டுகின்றன. உங்கள் வீட்டுக் கடின நீரில் முட்டை ஏன் பொரிக்கவில்லை என்று அறிய அடிப்படை அறிவு வேண்டும். காட்டு மீனுக்குப் பழைய நூல்கள் சொன்ன நீர்க்கணக்கு, தொட்டியில் பிறந்த மீனுக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆகவே புதிய பதிப்பாக வாங்குங்கள். மீனை வாங்குமுன் படித்துவிடுங்கள்.